ஈரப்பத அளவு சரியாக வர, வீட்டு வானிலைக் கருவியை எங்கே பொருத்துவது?

வீட்டு வானிலைக் கருவி வாங்கும் பலர் அதைப் பால்கனிக் கம்பியிலோ மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலோ மாட்டிவிடுகிறார்கள். மழை பெய்ததா இல்லையா என்று அறிய அது போதலாம், ஈரப்பதத்துக்குப் போதாது. விலை உயர்ந்த கருவியைத் தவறான இடத்தில் வைப்பதைவிட, நடுத்தரக் கருவியை நல்ல இடத்தில் வைப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. சென்னை போன்ற கடலோர நகரத்து வீட்டை மனத்தில் கொண்டு வழிமுறைகளைச் சொல்கிறேன்.

திரையில் நாம் பார்ப்பது ஒப்பு ஈரப்பதம். அதாவது, அப்போதைய வெப்பநிலையில் காற்றில் அதிகபட்சம் எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ, அதில் எத்தனை விழுக்காடு இப்போது இருக்கிறது என்னும் கணக்கு. வெப்பநிலை ஏறினால் அந்த உச்ச அளவும் ஏறும் என்பதால், நீராவி துளியும் குறையாமலேயே விழுக்காடு இறங்கிவிடும். வெளிக்காற்று 30 டிகிரியும் 70 விழுக்காடுமாக இருக்கும்போது, வெயிலில் சூடேறிய சென்சாரைச் சுற்றியுள்ள காற்று 32 டிகிரியாகிவிட்டால், திரை ஏறக்குறைய 62 அல்லது 63 என்று காட்டும். சென்சாரில் பழுதில்லை, இடம்தான் தவறு.

படி 1: பொருத்துவதற்கு முன் சோதியுங்கள்

ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை எடுத்து, ஈர மணல் பதத்துக்கு வரும் அளவு சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. கல் உப்பில் மக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அது வேண்டாம். மூடியையும் சென்சாரையும் ஒன்றையொன்று தொடாதபடி காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, ஏசி ஓடாத அறையில் ஓர் இரவு முழுவதும் விடுங்கள். சமையல் உப்பின் நிறைகரைசலுக்கு மேலுள்ள காற்றில், நம் அறை வெப்பநிலைகளில் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டில் நிலைத்து நிற்கும். கருவி 78 காட்டினால், அந்த அளவுகளில் 3 கூடுதலாகக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திருத்த அளவைப் பதிவு செய்யும் வசதி பல கருவிகளில் உண்டு.

படி 2: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

புல்லோ வெறும் மண்ணோ உள்ள திறந்த தரை, காற்றோட்டம், சுவர்களிலிருந்து தூரம் ஆகிய மூன்றும் வேண்டும். அருகிலுள்ள கட்டடம் அல்லது மரத்தின் உயரத்தைப் போல நான்கு மடங்கு தள்ளி வைக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை பின்பற்றும் விதி. அரை கிரவுண்டு மனையில் அது நடக்காது. ஆனாலும் எந்தத் திசையில் தூரம் அதிகமோ அந்தத் திசைக்கு நகர்த்துவது நம் கையில்தான் இருக்கிறது.

ஏசியின் வெளி யூனிட், சமையலறை எக்ஸாஸ்ட் விசிறி, சிமென்ட் தளம், கார் நிற்கும் இடம் ஆகியவை காற்றைச் சூடாக்கி அளவைக் குறைக்கும். துவைக்கும் கல், துணிக்கொடி, தினமும் தண்ணீர் ஊற்றும் தொட்டிச் செடிகள், நிரம்பி வழியும் மேல்நிலைத் தொட்டி ஆகியவை உள்ளூர் ஈரத்தைச் சேர்த்து அளவைக் கூட்டும்.

வடக்குச் சுவரின் நிழலில் மாட்டினால் போதும் என்று குளிர் நாட்டுக் கையேடுகளில் படித்திருப்பீர்கள். சென்னைக்கு அது முழுமையாகப் பொருந்தாது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் இங்கே உச்சிக்கு வடக்கே நிற்பதால், வெயில் கடுமையாக இருக்கும் மாதங்களில் வடக்குச் சுவரும் சூடேறும்.

மாடியைத் தவிர வேறு இடமே இல்லையென்றால், தொட்டியிலிருந்தும் படிக்கட்டு அறையிலிருந்தும் விலகி, கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் காற்று தடையின்றி வரும் உயரத்தில் குழாயை நிறுத்துங்கள். பகல் அளவுகளில் தளத்தின் சூடு ஓரளவு கலந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

படி 3: உயரமும் கவசமும்

உலக வானிலை அமைப்பு பரிந்துரைக்கும் உயரம் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் வரை. ஜி.ஐ. குழாயை மண்ணில் ஆடாமல் ஊன்றி, சென்சாரை ஏறத்தாழ ஒன்றரை மீட்டரில் வையுங்கள். வெள்ளைத் தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கிய கதிர்வீச்சுக் கவசத்துக்குள் அது இருக்க வேண்டும். வெயிலும் மழையும் உள்ளே புகாமல், காற்று மட்டும் புகுந்து வெளியேற வேண்டும். நெருக்கமான வீடுகளுக்கு நடுவே காற்று அசையாத இடமாக இருந்தால், சிறு விசிறி பொருத்திய கவசத்துக்குச் செலவிடுவது வீணாகாது.

படி 4: பனிநிலையைக் கொண்டு சரிபாருங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பனிநிலை என்பது, காற்று குளிர்ந்துகொண்டே போகும்போது அதிலுள்ள நீராவி பனித்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை. அது காற்றிலுள்ள நீராவியின் அளவைப் பொறுத்தது என்பதால், சென்சார் சூடேறினாலும் மாறாது. விமான நிலையங்கள் வெளியிடும் மெட்டார் அறிக்கையில் வெப்பநிலையும் பனிநிலையும் 31/25 என்ற வடிவில் அடுத்தடுத்து வரும். மேகமூட்டமும் சீரான காற்றும் உள்ள நாளில், மீனம்பாக்கத்தின் அறிக்கையை உங்கள் திரையோடு ஒப்பிடுங்கள். கோடையில் கடற்காற்று கரையோரத்துக்கு முன்னதாகவும் உள்ளே தாமதமாகவும் வந்து சேரும் என்பதால், அந்த நேரத்து ஒப்பீடு குழப்பும்.

உங்கள் பனிநிலை அங்குள்ளதோடு ஒத்துப்போய், வெப்பநிலை மட்டும் கூடுதலாகவும் ஈரப்பதம் குறைவாகவும் இருந்தால், சென்சார் நன்றாகவே இருக்கிறது. கவசமோ இடமோ சூடேறுகிறது. பனிநிலையே எப்போதும் ஒரே திசையில் விலகியிருந்தால், அருகில் ஈரம் சேர்க்கும் பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உப்புச் சோதனையை மீண்டும் செய்யுங்கள்.

படி 5: பராமரிப்பு

குளவிகள் கவசத்தின் தட்டுகளுக்கு இடையே மண்கூடு கட்டிக் காற்றோட்டத்தை அடைத்துவிடும். சிலந்தி வலையில் தூசி படிந்தாலும் அதே விளைவுதான். கடற்கரைக்கு அருகில் காற்றோடு வரும் உப்பு, சென்சாரை மூடியிருக்கும் வடிகட்டியில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழை நின்று வெயில் வந்த பிறகும் அளவு இறங்காமல் நிற்கும். மாதம் ஒருமுறை தட்டுகளைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சென்சாரின் மேல் தண்ணீர் படக் கூடாது. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், பல வாரங்கள் ஈரத்திலேயே இருந்த சென்சார் சற்றுக் கூடுதலாகக் காட்டத் தொடங்கியிருக்கலாம் என்பதால், ஜனவரியில் உப்புச் சோதனையை மறுபடி செய்து, திருத்த அளவைத் தேதியுடன் குறித்து வையுங்கள்.