பெரிய எண்ணை ஆராய்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

எண் கோட்பாட்டுக்குப் புதிதாக வருபவர்கள் எழுதும் நிரல்களை அடிக்கடி பார்க்கிறேன். ஆள் மாறுகிறார், தவறு மாறுவதில்லை. பாதி நானும் கடந்து வந்தவைதான். 1 பகா எண் அல்ல என்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

கணினிக்குள் போனது உங்கள் எண்தானா?

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஒருவர் 147573952589676412927 என்ற எண்ணை எடுத்துக்கொண்டார். 193707721-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறது, அதனால் அது காரணி இல்லை என்று அடித்துச் சொன்னார். 7-இல் முடியும் அந்த எண்ணை அவருடைய நிரல் 2-ஆல் 67 முறை மீதியின்றி வகுத்திருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை!

அந்த எண் 2⁶⁷ − 1. பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1644-இல் அதைப் பகா எண் என்று பட்டியலிட்டார். கணிதவியலாளர் லூகா 1876-இல் அது பகு எண் என்று காட்டினார். 1903-இல் ஃபிராங்க் நெல்சன் கோல் அதை 193707721 × 761838257287 என்று உடைத்தார். கணினி இல்லாத காலத்தில் கண்டுபிடித்த காரணியை, கணினி வைத்துக்கொண்டு இல்லை என்கிறோம்.

ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண் வகை 64 பிட் மிதவைப் புள்ளி (floating point): முன்னணி இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தோராயமாக்கும் வகை. அதில் 9007199254740992 (2⁵³) வரைதான் முழு எண்கள் விடுபடாமல் இருக்கும். அடுத்த எண்ணுக்கே இடமில்லை. 2⁶⁷ − 1 கொடுத்தால் சத்தமில்லாமல் 2⁶⁷ ஆக்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. 15 இலக்கத்துக்கு மேல் பூஜ்யம் நிரப்பும் ஸ்ப்ரெட்ஷீட் இன்னும் மோசம்: எண் திடீரென்று 5-ஆல் வகுபடும். இது தெரியாமல், சரியாக இருந்த அல்காரிதத்தை முழுக்க மாற்றி எழுதுபவர்கள் உண்டு.

எண்ணை எழுத்துச்சரமாக வாங்கி, எவ்வளவு பெரிய முழு எண்ணையும் அப்படியே வைத்திருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் வகையான பிக்இன்ட் (BigInt) ஆக்குங்கள். பைத்தானில் முழு எண்ணுக்கு இந்த வரம்பு இல்லை. ஆனால் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் மறுபடி மிதவைப் புள்ளிதான், இரட்டைச் சாய்கோடு போடுங்கள். அப்புறம், உள்ளே போன எண்ணை அச்சிட்டுக் கடைசி இலக்கம் வரை ஒப்பிடுங்கள்.

ஒரே ஒரு ஃபெர்மா சோதனை

n பகா எண் என்றால், n-ஆல் வகுபடாத எந்த அடி a-வுக்கும் aⁿ⁻¹-ஐ n-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். இதைச் சரிபார்ப்பதுதான் ஃபெர்மா சோதனை. மீதி 1 வந்ததுமே பகா எண் என்று முடிவு செய்வதுதான் தவறு. 2³⁴⁰-ஐ 341-ஆல் வகுத்தால் மீதி 1. ஆனால் 341 = 11 × 31. சரி, அடியை மாற்றலாமே என்றால், 561 இருக்கிறது: 3, 11, 17-ஆல் வகுபடாத எந்த அடியையும் அது ஏமாற்றும். இத்தகைய கார்மைக்கேல் எண்கள் முடிவில்லாமல் உண்டு என்று 1994-இல் நிறுவிவிட்டார்கள். இதைவிடக் கண்டிப்பான மில்லர்–ராபின் சோதனைக்குப் போங்கள். 64 பிட்டுக்குள் அடங்கும் எண்ணுக்கு முதல் 12 பகா எண்களை அடியாக வைத்தால் விடை உறுதி.

பகு எண் என்று தெரிந்தால் காரணியும் தெரியும் என்ற நினைப்பு

தெரியாது. 2⁶⁷ − 1 பகு எண் என்று லூகா காட்டியதற்கும் அதன் காரணிகளைக் கோல் கண்டுபிடித்ததற்கும் நடுவே 27 ஆண்டுகள்.

வகுத்திகளை எண்ணுதல்

காரணிப்படுத்தி, அடுக்குகளோடு 1 கூட்டிப் பெருக்குங்கள். 360 = 2³ × 3² × 5; எனவே 4 × 3 × 2 = 24. 1 முதல் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்து, ஒவ்வொரு வகுத்தியையும் அதன் ஜோடியோடு இரண்டாகக் கூட்டுபவர்கள் முழு வர்க்க எண்ணில் சறுக்குவார்கள். 36-க்கு உங்கள் நிரல் 10 என்று காட்டினால், 6-ஐ இருமுறை எண்ணியிருக்கிறது, விடை 9.