குடலிறக்க ஆபரேஷன்: முன்னும் பின்னும் செய்யக் கூடாதவை

அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடுகிறது என்று பலர் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். வலியில்லாத வீக்கம் என்றால் டாக்டரே காத்திருக்கச் சொல்லலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தால் குடல் சிக்கியிருக்கலாம். உடனே நம் மொரீஷியஸின் அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 114-க்கு போன் செய்யுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

தேதி குறித்தபின் வீட்டிலேயே பிளேடால் முடி மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியே கிருமி நுழையும். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை மறைக்கவும் வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ‘ஒரு வாய் டீதானே’ என்று ஆபரேஷன் அன்று காலையில் பால் டீ குடிப்பதும் தவறு. பால் உணவுக் கணக்கில் சேரும், ஆபரேஷனே தள்ளிப்போகலாம்.

வீட்டுக்கு வந்தபின் நம்மவர்கள் கவனிக்காமல் விடுவது மலச்சிக்கலை. சில வலி மாத்திரைகள் மலத்தைக் கட்டிவிடும். முக்கினால் வயிற்றின் அழுத்தம் முழுவதும் தையல் போட்ட இடத்தில்தான் இறங்கும். முதல் நாளிலிருந்தே தண்ணீர், கீரை, பப்பாளி. போதாவிட்டால் மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். அதற்காக வலி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வலி இருந்தால் நடக்க மாட்டீர்கள். ஆபரேஷன் அன்றே மெல்ல எழுந்து நடப்பதுதான் நல்லது. இருமல், தும்மல் வந்தால் ஒரு தலையணையை அந்த இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாரம் தூக்க பொதுவாக 4 முதல் 6 வாரம் பொறுக்கச் சொல்வார்கள். நம் வீட்டு காஸ் சிலிண்டரில் காஸ் மட்டுமே 12 கிலோ, இரும்பின் எடை தனி. தைப்பூசம் நெருங்கினால் இதை இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: காவடி தூக்கி கோர் தெ கார்ட் மலைக் கோயில் படி ஏறுவது இந்த வாரங்களில் வேண்டவே வேண்டாம். விரதம் இருங்கள், காவடியைத் தம்பியோ மகனோ எடுக்கட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். விரதமென்று மாத்திரையை விடுவதும் கூடாது.

சட்டென்று பிரேக் மிதித்தால் வலிக்கும்வரை கார் ஓட்டாதீர்கள்.

விதைப்பை கறுத்து வீங்குவதைப் பார்த்துப் பல ஆண்கள் பயந்து, வெட்கப்பட்டு, யாரிடமும் சொல்வதில்லை. பெரும்பாலும் அது தானாக வடிந்துவிடும். காய்ச்சல், சீழ், நிற்காத ரத்தம், கூடிக்கொண்டே போகும் வீக்கம், சிறுநீர் கழிக்க முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.