சின்னப் பூங்காதானே என்று கிளம்பாதீர்கள்

மலேசியாவின் பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பஹாங் ஊர் முடிகிற இடத்தில் தேசியப் பூங்கா தொடங்குகிறது. 2003இல் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. மொத்தம் சுமார் 2,500 ஹெக்டேர்; அதில் நிலமும் கடலும் ஏறக்குறையச் சரிபாதி. மிகச் சிறிய தேசியப் பூங்கா என்று இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தச் 'சிறிய' என்ற சொல்லை நம்பித்தான் பலர் சிரமப்படுகிறார்கள்.

இங்கே உச்சி என்பது முக்கா ஹெட் கலங்கரை விளக்கம். ஆங்கிலேயர் 1883இல் கட்டியது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 240 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. எண்ணைப் பார்த்தால் குன்று போலத் தோன்றும். ஆனால் ஏற்றம் பூங்கா வாசலில் தொடங்குவதில்லை. முதலில் கரையை ஒட்டிய காட்டுப் பாதையில் மூன்றரை கிலோமீட்டர் போல நடந்து, குரங்குக் கடற்கரை எனப்படும் தெலுக் டுயோங்கை அடைய வேண்டும். அந்தப் பாதையும் சமதளம் அல்ல. வேர்களில் கால் வைத்து ஏறி, பாறை இடுக்கில் இறங்கி, மீண்டும் ஏற வேண்டும். அதற்குப் பிறகுதான் மலைப்பாதை. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்துக்குள் கடல் மட்டத்திலிருந்து உச்சிவரை போக வேண்டும். உடம்பில் தெம்பு குறைந்த நேரத்தில்தான் உண்மையான ஏற்றமே வருகிறது. கணக்குத் தவறுவது இங்கேதான்.

நான் முதல் முறை போனபோது பதினொரு மணிக்கு, ஒரே ஒரு லிட்டர் தண்ணீரோடு நடக்கத் தொடங்கினேன். தெலுக் டுயோங் மணலில் கால் வைத்தபோது பாட்டிலில் இரண்டு மடக்குதான் மிச்சம். சட்டையைப் பிழிந்தால் நீர் சொட்டியது. காட்டுக்குள் நிழல் இருக்கிறதே என்று நினைப்போம். ஆனால் ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை உலராது, உடல் குளிராது, வியர்த்துக்கொண்டே இருக்கும். அன்று உச்சிக்குப் போகாமல் திரும்பினேன். இப்போது ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் எடுத்துக்கொண்டு, வாசல் திறந்ததும் நுழைந்துவிடுகிறேன். பிற்பகலில் இடியோடு மழை பிடித்தால் செம்மண் படிகள் வழுக்கும். செருப்போடு இறங்குவது ஆபத்து. தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனிலிருந்து 101ஆம் எண் பஸ்ஸில் வருபவர்கள் பயணத்துக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும்.

படகை நம்பிக் கணக்குப் போடுவது அடுத்த தவறு. போகும்போது நடந்து, திரும்பும்போது படகில் வரலாம் என்பது நல்ல யோசனைதான். ஆனால் கரையில் எப்போதும் படகு காத்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. காலையிலேயே படகுத்துறையில் நேரமும் கட்டணமும் பேசி முடித்துவிடுங்கள். கடல் கொந்தளித்தால் படகு வராது. அப்போது வந்த வழியே நடக்க வேண்டும். அதற்குப் போதிய வெளிச்சம் மிச்சமிருக்கிறதா என்று உச்சியில் நிற்கும்போதே கணக்குப் பார்த்துவிடுவது நல்லது. கடற்கரையில் அந்தி சாயும் முன்பே மரங்களின் கீழே இருட்டிவிடும்.

குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். தெலுக் டுயோங்கில் நீண்டவால் குரங்கு ஒன்று, குளிக்கப் போன ஒரு குடும்பத்தின் பையை எடுத்துவந்து, ஜிப்பைப் பல்லால் கவ்வி இழுத்துத் திறந்ததை எட்டடி தூரத்திலிருந்து பார்த்தேன். பிஸ்கட் பொட்டலம் எங்கே இருக்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அதைப் பழக்கியவர்கள் மனிதர்களே. குழந்தை கையில் பழத்தைக் கொடுத்துக் குரங்கின் அருகே நிறுத்திப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. கடித்தால் தடுப்பூசிக்கு ஓட வேண்டியிருக்கும்.

உச்சிக்குப் போகாமல் பந்தாய் கெராச்சுட் கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் செய்யும் பிழை வேறு. அங்கே உள்ள ஏரியில் கடல்நீரும் நன்னீரும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும். உப்புநீர் கனமானது என்பதால் அடியில் தங்கிவிடும். இது பருவத்துக்கு ஏற்ப நிரம்பி வற்றும் ஏரி. வற்றிய காலத்தில் போய், ஏமாற்றத்தில் சேற்றுப் பரப்பின் குறுக்கே நடந்து தடம் பதிக்கிறார்கள். பாலத்தில் நின்று பார்த்தாலே போதும். கடலைப் பார்த்ததும் குதித்துவிடவும் வேண்டாம். நீரோட்டமும் சொறிமுட்டைகள் எனப்படும் ஜெல்லி மீன்களும் உண்டு.

அதே மணலில்தான் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. பச்சை ஆமையும், நம் கரைகளில் பங்குனி ஆமை என்று சொல்கிற இனமும் இங்கே ஏறும். முகாமிட அனுமதி பெற்றுத் தங்குபவர்கள் இரவில் கடற்கரையில் டார்ச் அடிப்பதும் தீ மூட்டுவதும் பெரிய கேடு. குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று எண்ணித்தான் ஓடும். வெளிச்சம் காட்டுப் பக்கம் தெரிந்தால், அந்தக் கட்டைவிரல் அளவு உயிர் முதுகைக் கடலுக்குக் காட்டியபடி மணலில் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

கிளம்பும் நாளில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று வாசல் அலுவலகத்தில் கேட்டுவிட்டு, பெயரைப் பதிந்துவிட்டு நுழையுங்கள். மரம் சாய்ந்தாலோ மண் சரிந்தாலோ பாதையை மூடிவிடுவார்கள்.