உடும்பா, இகுவானாவா? கன்னத்தைப் பாருங்கள்

சிங்கப்பூரில் கிராஞ்சிப் பக்கம் ஒரு நர்சரியில் வேலை எனக்கு. செடி வாங்க வருகிறவர்கள், "அண்ணே, கால்வாயில பச்சை உடும்பு!" என்று போனை நீட்டுவார்கள். சில படங்களில் நம்ம உடும்புதான் இருக்கும். சிலவற்றில் அமெரிக்கக் கண்டத்துப் பச்சை இகுவானா என்னும் பெரிய பல்லி.

நிறத்தை நம்பாதீர்கள். குட்டிதான் பளிச்சென்று பச்சை. வயதானது சாம்பல் பூத்திருக்கும், இணைசேரும் காலத்து ஆண் ஆரஞ்சு நிறத்துக்கே மாறும். படத்தைப் பெரிதாக்கிக் கன்னத்தைப் பாருங்கள். செவிப்பறைக்குக் கீழே சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமாக ஒரு பெரிய செதில் இருந்தால் இகுவானா. தொண்டையில் தொங்கும் தோல், முதுகில் முள்வரிசை, வாலில் கறுப்புப் பட்டைகள் எல்லாம் கூடுதல் சாட்சி. பிளந்த நாக்கை நீட்டி நீட்டி இழுத்தால் உடும்பு. அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

உடும்பைத் தரையில் தேடுவோம். இகுவானாவுக்கு அண்ணாந்து பார்க்க வேண்டும். மெக்சிகோ முதல் அமேசான் வழியாகத் தெற்கு பிரேசில், பராகுவே வரை அதன் சொந்த ஊர்களில் ஆற்றோர மரந்தான் வீடு. ஆபத்தென்றால் கிளையிலிருந்து நேரே தண்ணீரில் குதித்து நீந்திவிடும். இங்கேயும் கால்வாய்மேல் சாய்ந்த கிளைகள்தான் அதற்குப் பிடித்த இடம். விடியற்காலையில் போய்ப் பயனில்லை, வெயில் ஏறட்டும். தின்ற இலையைக் குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் செரிக்க வைக்க உடம்பு சூடேற வேண்டும். அதனால் வெட்டவெளிக் கிளையில் கால்பரப்பிப் படுத்திருக்கும். செம்பருத்தியின் தளிரும் பூவும் மொட்டையாகியிருந்தால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் தேடுங்கள் (என் தொட்டிகளைக் கேட்டால் சொல்லும்). மூக்கோரம் வெள்ளையாகப் படிந்திருப்பது நோயல்ல, தும்மி வெளியேற்றிய உப்பு.

சிங்கப்பூரில் இதை வளர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஊர்வனவற்றில் சிவப்புக் காது ஆமைக்கும் மலாயா பெட்டி ஆமைக்கும் மட்டுமே இடம். பெண் இகுவானா வெயில்படும் மண்ணில் வளை தோண்டி ஒரே தடவையில் டஜன் கணக்கில் முட்டையிடும். ஆகவே வளையைக் கண்டாலும் படமெடுங்கள்.

பிடிக்கப் போகாதீர்கள். வாலால் விளாசும், கடிக்கும். வாலைப் பிடித்தால் அது கழன்று கையோடு வந்துவிடலாம். எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், தொட்டுவிட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 எண்ணை அழைத்து, இடம் தெரியப் பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணையும் சொல்லுங்கள். படம் மட்டும் பக்கவாட்டில் இருக்கட்டும். வெறும் முதுகை எடுத்து வந்து நீட்டினால் என்னாலும் சொல்ல முடியாது.