புதுக் கணினியில் கேம் திணறுகிறதா? இந்த அவசரங்கள் வேண்டாம்

புதிதாக அசெம்பிள் செய்த கணினியில் கேம் திணறினால், பெரும்பாலும் எந்தப் பாகமும் பழுதாகியிருக்காது. ஒரு கேபிள் இடம் மாறிச் செருகப்பட்டிருக்கும். அல்லது ஏதோ ஓர் அமைப்பு, பெட்டியைப் பிரித்த நாளில் இருந்தபடியே தொடப்படாமல் கிடக்கும். இதைத் தேடப் பொறுமையில்லாமல் விண்டோஸை அழித்து மறுபடி நிறுவுகிறவர்கள் உண்டு. கிராபிக்ஸ் கார்டே போலி என்று கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கிறவர்கள் உண்டு. ‘எஃப்பிஎஸ் பூஸ்டர்’ (எஃப்பிஎஸ் என்றால் வினாடிக்கு எத்தனை பிரேம், அதாவது படம், திரையில் வருகிறது என்ற எண்) என்று பெயர் சூட்டிய மென்பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிப் பார்க்கிறவர்களும் உண்டு. அவற்றில் பல, பின்னணியில் தாமும் ஒரு வேலையாக ஓடி, இருக்கிற வேகத்தையும் தின்பவை.

அளக்காமல் கை வைப்பது

மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். ‘கேம் மெதுவாக ஓடுகிறது’ என்ற ஒரே புகாருக்குள் மூன்று வேறு வேறு கோளாறுகள் இருக்கலாம். தொடக்கத்திலிருந்தே பிரேம் எண்ணிக்கை குறைவாக இருப்பது ஒன்று. எண்ணிக்கை நன்றாக இருந்தும் அவ்வப்போது வெட்டி வெட்டி இழுப்பது இன்னொன்று. பத்து நிமிடம் பிரமாதமாக ஓடிவிட்டுப் பிறகு சரிவது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

வினாடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி வினாடி. ஒரே ஒரு பிரேம் மட்டும் 80 மில்லி வினாடி எடுத்துக்கொண்டால், அந்த வினாடியில் எஃப்பிஎஸ் 56 என்று காட்டும். எண்ணைப் பார்த்தால் குறையே தெரியாது. ஆனால் திரும்பிச் சுடப்போன நேரத்தில் படம் குதித்ததைக் கண் பிடித்துவிடும். எனவே மூலையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாமல், பிரேம் நேரத்தின் வரைபடத்தையும் பார்க்க வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், அதோடு வரும் ரிவாட்யூனர் இரண்டும் இதைத் திரையில் காட்டும் இலவச மென்பொருள்கள். எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டு விழுக்காடு, அதன் நினைவகம், வெப்பநிலை, பிராசசரின் ஒவ்வொரு கோரின் (உள்ளே தனித்தனியே வேலை செய்யும் பகுதி) சுமை, பிரேம் நேரம் ஆகியவற்றைத் திரையில் வரவைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் விளையாடினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கார்டின் பயன்பாடு 95 விழுக்காட்டுக்கு மேல் நின்றால், கார்டு தன்னால் முடிந்த அளவுக்கு உழைக்கிறது. அதைத் திட்டிப் பயனில்லை. ரே டிரேசிங்கையும் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) நிழல்களையும் குறைக்க வேண்டியதுதான். அதே எண் 50, 60 என்று நின்றால் கார்டு சும்மா காத்திருக்கிறது என்று பொருள். யாருக்காக? பெரும்பாலும் பிராசசருக்காக. இதை உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. கேமின் ரெசல்யூஷனை, அதாவது படத்தின் புள்ளி அளவை, 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். கார்டின் வேலை பாதிக்கும் கீழே போய்விடும். அப்போதும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் குற்றவாளி கார்டு அல்ல.

இங்கேதான் பலர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, “பிராசசர் 25 விழுக்காடுதானே ஓடுகிறது, அதற்கென்ன குறை?” என்று கேட்பார்கள். அந்த எண் எல்லா கோர்களின் சராசரி. கேமின் முதன்மை வேலை பெரும்பாலும் ஒரே திரெட்டில், அதாவது ஒரே வேலை வரிசையில், ஓடும். 12 திரெட் உள்ள பிராசசரில் ஒரு திரெட் மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது வெறும் 8 விழுக்காடு. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற கேம்களில் கிராபிக்ஸ் அமைப்புகளை எல்லாம் அடிமட்டத்துக்கு இறக்கியும் வேகம் கூடவில்லை என்று புலம்புவது இதனால்தான். அங்கே இழுவை பிராசசர் பக்கம். சைபர்பங்க் 2077-இல் நகரத்துக் கூட்டத்தின் அடர்த்தியைக் குறைத்தால் பிராசசருக்கு நல்ல ஓய்வு கிடைக்கும். அந்த அமைப்பு கிராபிக்ஸ் பட்டியலில் இல்லாமல் கேம்பிளே பட்டியலில் ஒளிந்திருப்பதால் பலர் கண்ணில் படுவதே இல்லை.

மானிட்டர் கேபிள்

கணினிப் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். மேலே யுஎஸ்பி துளைகளோடு சேர்ந்து ஒரு எச்டிஎம்ஐ துளை இருக்கும், அது மதர்போர்டினுடையது. அதற்குக் கீழே தனியாகக் கிடைமட்டமாக மூன்று நான்கு துளைகள் வரிசையாக இருக்கும்; கிராபிக்ஸ் கார்டு அதுதான். மேலே இருப்பது கைக்கு எட்டுவதால் கேபிளை அங்கே செருகிவிடுவது அன்றாடம் நடக்கிறது.

இன்டெல் கோர் ஐ5 12400எஃப் போல ‘எஃப்’ என்று முடியும் பிராசசர் வாங்கியவர்கள் இதில் தப்பித்தார்கள். அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. தவறாகச் செருகினால் திரையே வராது, உடனே தெரிந்துவிடும். ரைசன் 5 7600 போன்றவற்றில்தான் சங்கடம். அதில் ஒரு சிறிய கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது. விண்டோஸ் வரும், யூடியூப் ஓடும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும். கேமைத் திறந்தால்தான் நொண்டும். சில கேம்களில் விண்டோஸ் தானாகவே பெரிய கார்டில் படத்தை வரைந்து மதர்போர்டு வழியாக அனுப்பிவிடும்; அப்போது முழுதாகப் படுக்காமல் கொஞ்சம் மட்டும் வேகம் குறையும். கண்டுபிடிக்க இன்னும் கடினமான நிலை அது.

கேபிளைச் சரியான இடத்துக்கு மாற்றியவுடன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். 165 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 165 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டர் வாங்கியிருந்தாலும் விண்டோஸ் அதை 60-லேயே ஓட்டிக்கொண்டிருக்கக்கூடும். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேவைத் திறந்து கையால் மாற்ற வேண்டும். கேமுக்குள் வி-சிங்க் (பிரேம்களை மானிட்டரின் வேகத்தோடு பூட்டும் அமைப்பு) இயக்கத்தில் இருந்தாலோ, எஃப்பிஎஸ் வரம்பு 60 என்று வைத்திருந்தாலோ, எத்தனை லட்சம் ரூபாய்க் கணினியும் அதற்கு மேல் போகாது.

ரேம்: கேட்காமல் கிடைக்காத வேகம்

பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருக்கும் டிடிஆர்5 ரேமை வாங்கிச் செருகினால் அது 6000-இல் ஓடாது. தன் அடிப்படை வேகமான 4800-இல்தான் பெரும்பாலும் எழுந்திருக்கும். டிடிஆர்4-இல் 3200 என்று வாங்கியது 2133-இலோ 2666-இலோ உட்கார்ந்திருக்கும். பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய், இன்டெல் என்றால் எக்ஸ்எம்பி, டிடிஆர்5 ஏஎம்டி என்றால் எக்ஸ்போ என்ற அமைப்பை நாமே இயக்கினால்தான் காசு கொடுத்த வேகம் கைக்கு வரும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் இப்போதைய வேகம் தெரியும். எத்தனை இடத்தில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் அங்கேயே இருக்கும்.

அந்த இரண்டாவது எண் ‘4-இல் 1’ என்று காட்டினால் காரணம் கிடைத்துவிட்டது. ‘இப்போதைக்கு 16 ஜிபி ஒரே குச்சியாகப் போடுங்கள், பின்னால் இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம்’ என்பது கடைகளில் அடிக்கடி கேட்கும் யோசனை. சிக்கனமாகத் தோன்றும், ஆனால் ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதை பாதியாகக் குறுகிவிடும். டிடிஆர்4 3200-இல் ஒரு குச்சிக்கு வினாடிக்கு 25.6 ஜிபி, இரண்டுக்கு 51.2 ஜிபி. தனிக் கார்டு இல்லாமல் ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசரின் உள்ளமைந்த கிராபிக்ஸிலேயே விளையாடுகிறவர்களுக்கு இது உயிர்நாடி. அவர்களுடைய கிராபிக்ஸ் நினைவகமும் இதே ரேம்தான். என்னைக் கேட்டால், பணம் குறைவாக இருக்கும்போது 16 ஜிபியை இரண்டு எட்டாக வாங்குவதே சரி. இரண்டு குச்சிகளையும் அடுத்தடுத்த இடங்களில் போட்டுவிடக் கூடாது. நான்கு இடமுள்ள மதர்போர்டில், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும்.

எக்ஸ்போவை இயக்கிச் சேமித்த உடனே திரை கறுத்துப்போய்ச் சில நிமிடங்கள் எதுவும் வராமல் இருக்கலாம். டிடிஆர்5 கணினிகளில், குறிப்பாக ஏஎம்5 (ரைசன் 7000 போன்ற பிராசசர்களுக்கான சாக்கெட்) மதர்போர்டுகளில், ரேமைப் பழக்கிக்கொள்ளும் வேலை அப்போது நடக்கிறது. பயந்துபோய்ச் சுவிட்சை அணைப்பதுதான் தவறு. பழைய பயாஸ் பதிப்போடு வந்த ஏஎம்5 மதர்போர்டு என்றால், எக்ஸ்போவைத் தொடுவதற்கு முன் பயாஸைப் புதுப்பிப்பது நல்லது. 2023-இல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் கருகியதையடுத்து, எஸ்ஓசி மின்னழுத்தம் (பிராசசருக்குள் நினைவகக் கட்டுப்பாடு முதலிய பகுதிகளுக்குப் போவது) 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி ஏஎம்டி கொண்டுவந்த கட்டுப்பாடு புதிய பதிப்புகளில்தான் இருக்கிறது. யுபிஎஸ் இல்லாத வீட்டில், மின்சாரம் போய்ப் போய் வரும் மாலை நேரத்தில் பயாஸைப் புதுப்பிக்கும் வேலையை மட்டும் தொடங்காதீர்கள். பாதியில் நின்றால் மதர்போர்டு எழுந்திருக்காமலே போகலாம்.

பத்து நிமிடம் கழித்துச் சரிந்தால்

அது வெப்பம். பிராசசர் தன் எல்லையைத் தொட்டதும், கருகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கூலரின் அடியில் ஒட்டிய பாதுகாப்புத் தாளை உரிக்காமலே பொருத்திவிடுவது நம்ப முடியாத அளவுக்குச் சகஜம். இன்டெல் பெட்டியோடு வரும் கூலரில் நான்கு மூலைகளிலும் அழுத்திப் பூட்டும் ஊசிகள் இருக்கும்; அவற்றில் ஒன்று மட்டும் பூட்டாமல் நின்றாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். மதர்போர்டைப் பின்னாலிருந்து பார்த்தால் நான்கு ஊசிகளும் ஒரே அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்குண்டு. அறை பத்து டிகிரி சூடாக இருந்தால் உள்ளே இருக்கும் பாகங்களும் ஏறத்தாழ அதே அளவு கூடுதலாகச் சூடாகும். ஏசி அறையில் எடுத்த விமர்சகரின் எண்ணோடு சென்னை மே மாதத்து அறையை ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். அதற்காகக் கணினி மேசையின் மூடிய அறைக்குள் பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, கூலர் சரியில்லை என்று சொல்வதும் நியாயமில்லை. எக்ஸ்3டி அல்லாத ரைசன் 7000 வரிசையில் முழுச் சுமையில் 95 டிகிரி தொடுவது வடிவமைப்பிலேயே உள்ளது. அந்த எண்ணைக் கண்டவுடன் பதற வேண்டியதில்லை.

வெட்டி வெட்டி இழுத்தால்

கேமை முதன்முறை ஓட்டும்போது, உங்கள் கார்டுக்கு ஏற்றபடி ஷேடர்கள் (ஒளி, நிழல், நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்கள்) தொகுக்கப்படும். அது முடியும்வரை இழுக்கத்தான் செய்யும். 2023 மார்ச்சில் கணினிக்கு வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ முகப்புத் திரையிலேயே இந்த வேலையை நெடுநேரம் செய்தது. முடியுமுன் உள்ளே நுழைந்தவர்கள் திணறினார்கள். டிரைவரைப் புதுப்பித்தாலும் இந்தத் தொகுப்பு பெரும்பாலும் மறுபடி நடக்கும். ஆகவே வாரத்துக்கு ஒரு டிரைவர் மாற்றி ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது வீண். புதுக் கணினியில் முதல் ஓரிரு நாள் விண்டோஸும் சும்மா இருக்காது. புதுப்பிப்புகளை இறக்கும், கோப்புகளை அட்டவணையிடும்; கூடவே ஸ்டீம் இன்னொரு கேமை இறக்கிக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் ஓய்ந்த பிறகும் இழுத்தால் கார்டின் நினைவகத்தைப் பாருங்கள். 8 ஜிபி கார்டில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) அல்ட்ராவில் வைத்தால் சில புதிய கேம்களில் இடம் போதாமல் ரேமுக்கு வழியும். அந்தப் போக்குவரத்துதான் இழுவையாகத் தெரிகிறது. டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கேமைப் பழைய ஹார்டு டிஸ்கில் நிறுவியிருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அர்த்தமில்லாத பீதிகள்

கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து, கார்டு பிசிஐஇ (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பாதை) 1.1 வேகத்தில் இருப்பதாகக் கண்டு அலறுகிறவர்கள் அதிகம். வேலை இல்லாதபோது கார்டு மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தன் இணைப்பைத் தாழ்த்திக்கொள்கிறது. அருகிலுள்ள கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓட்டினால் 4.0 போன்ற தன் முழு வேகத்துக்கு ஏறிவிடும். ஏறியும் ‘எக்ஸ்4’ (நான்கு பாதைகள் மட்டும்) என்றே நின்றால்தான் யோசிக்க வேண்டும். கார்டைக் கீழ்த் துளையில் செருகியிருக்கலாம்; அல்லது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல அந்தக் கார்டே நான்கு பாதைகளோடு மட்டும் வடிவமைக்கப்பட்டதாக இருக்கலாம். இன்டெல் ஆர்க் கார்டு வைத்திருப்பவர்கள் பயாஸில் ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே முறையில் அணுகவிடும் அமைப்பு) இயக்கத்தில் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கார்டு வெகுவாகப் பின்தங்கும்.

யூடியூபில் ஒருவர் இதே கார்டில் 140 எடுத்தார், எனக்கு 90தான் என்பது இன்னொரு பீதி. அவர் ரைசன் 7 7800எக்ஸ்3டி வைத்திருப்பார், டிஎல்எஸ்எஸ் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் வசதி) போட்டிருப்பார், பிரேம் ஜெனரேஷனும் (இடையில் செயற்கைப் பிரேம்களைச் செருகுவது) ஓடிக்கொண்டிருக்கும். ஒப்பிடத்தான் வேண்டும் என்றால், சைபர்பங்க் 2077-க்குள்ளேயே இருக்கும் பெஞ்ச்மார்க் எனும் வேகச் சோதனையை அதே ரெசல்யூஷன், அதே அமைப்புகளில் ஓட்டி ஒப்பிடுங்கள்.

அதிலும் கார்டு 99 விழுக்காட்டில் ஓடி, வெப்பமும் அளவோடு இருந்து, எண் மட்டும் வெகுவாகப் பின்தங்கினால் கார்டை நண்பரின் கணினியில் செருகிப் பாருங்கள். அங்கேயும் அதே கதை என்றால் சந்தேகம் உண்மைதான். ஆஃப்டர்பர்னரில் கடிகார வேகம், மின்நுகர்வு, வெப்பநிலை மூன்றையும் பதிவுசெய்த கோப்பையும் பெஞ்ச்மார்க் முடிவின் படத்தையும் எடுத்துக்கொண்டு, மாற்றித் தரும் காலக்கெடு முடிவதற்குள் கடைக்குப் போங்கள். பில்லையும் அட்டைப்பெட்டியையும் மறக்க வேண்டாம்.