ஜெர்மன் ஃப்ரெண்டு வீட்டுக்கு கிறிஸ்துமஸுக்கு போறீங்களா? இத படிச்சிட்டு கிளம்புங்க

டிசம்பர் 20 தாண்டுனா ஜெர்மனில ஸ்டூடண்ட் ஹாஸ்டல் காலியாயிரும், காமன் கிச்சன்ல நீங்க மட்டும் நூடுல்ஸ் கிண்டிட்டு நிப்பீங்க. அந்த நேரத்துல கூட படிக்கிறவங்க "எங்க வீட்டுக்கு வாயேன்"னு கூப்பிட்டா சும்மா பேச்சுக்கு சொல்றாங்களோன்னு யோசிக்காதீங்க, கிறிஸ்துமஸ் அங்க குடும்பத்துக்குள்ள நடக்குற விஷயம், அதுக்கு யாரும் பேச்சுக்கு கூப்பிட மாட்டாங்க.

ஒத்துக்கிட்டதும் என்னைக்கு வரணும், என்னைக்கு கிளம்பணும்னு நேராவே கேட்டுருங்க. நம்ம வீட்ல விருந்தாளிகிட்ட "எப்ப கிளம்புறீங்க"ன்னு கேட்டா சண்டையே வரும், அங்க அது தெரியலன்னாதான் டென்ஷன் ஆவாங்க. மெயினான நாள் 25 இல்ல, 24 சாயங்காலம், கிஃப்ட் எல்லாம் அன்னைக்கேதான். அதனால 23ஆம் தேதியே போய் சேர்றது பெஸ்ட். 24 மதியம் ரெண்டு மணி வாக்குல கடைங்க மூடிருவாங்க, 25, 26 ரெண்டும் லீவு, பேஸ்ட்ல இருந்து மாத்திரை வரைக்கும் முன்னாடியே வாங்கி பையில போட்டுக்கங்க.

டிக்கெட் இப்பவே போடுங்க, டிசம்பர்ல விலை ஏறிட்டே போகும். மாசம் 63 யூரோ டாய்ச்லாண்ட் டிக்கெட் வச்சிருந்தா லோக்கல் ட்ரெயின்லயே மாறி மாறி போயிடலாம், ஆனா அது ஐசிஇ, ஐசின்னு தூரமா போற ஃபாஸ்ட் ட்ரெயின்ல செல்லாது. ட்ரெயின் லேட்டுன்னா உடனே மெசேஜ் போட்டுருங்க, பத்து நிமிஷம்தானேன்னு விடாதீங்க.

சாப்பாட்டுக்கு வருவோம், இங்கதான் நம்மாளுங்க மாட்டுவாங்க. 24 ராத்திரி பெரிய விருந்தா இருக்கும்னு வயித்த காயப்போட்டு போகாதீங்க, நிறைய வீட்ல வெறும் உருளைக்கிழங்கு சாலட்டும் சாஸேஜும்தான். 25 மதியம்தான் வாத்து, சிவப்பு முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு உருண்டைன்னு களை கட்டும். சைவம்னா ஒரு வாரம் முன்னாடியே சொல்லிருங்க, "கறி சாப்பிட மாட்டேன்"னு மட்டும் சொன்னா பத்தாது. தெற்குப் பக்கம் அந்த உருளைக்கிழங்கு சாலட்லயே கறி வேகவச்ச தண்ணி ஊத்துவாங்க, முட்டைக்கோஸ வாத்துக் கொழுப்புல வதக்குற வீடும் உண்டு, டெசர்ட்ல விலங்கோட எலும்பு, தோல்ல இருந்து எடுக்குற ஜெலட்டின் இருக்கலாம். சாஸேஜ் பெரும்பாலும் பன்னிதான், மாடு பன்னி ஆகாதவங்க அதையும் தெளிவா சொல்லணும். குடிக்க மாட்டேன்னா "ஆப்பிள் ஜூஸ் போதும்"னு சொல்லுங்க, யாரும் வற்புறுத்த மாட்டாங்க.

அந்த வற்புறுத்தாததுதான் நமக்கு சிக்கல். ஊர்ல "இன்னும் கொஞ்சம்"னு கேட்டா மொதல்ல வேணாம்னு சொல்லி, மூணாவது தடவ தட்ட நீட்டி பழகியிருக்கோம்ல, அங்க ஒரு தடவதான் கேப்பாங்க, வேணாம்னா வேணாம்தான், பாத்திரம் அடுத்த ஆள்கிட்ட போயிரும், அப்புறம் ராத்திரி பசியோட விட்டத்த பாத்துட்டு படுத்திருக்க வேண்டியதுதான். வேணும்னா வேணும்னு சொல்லுங்க, குளிர்னா இன்னொரு போர்வை கேளுங்க, டயர்டா இருந்தா "கொஞ்ச நேரம் ரூம்ல இருக்கேன்"னு சொல்லிட்டு போங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

கிஃப்ட் பெருசா வேணாம். அம்மா அப்பாவுக்கு சேத்து ஒண்ணு, ஃப்ரெண்டுக்கு ஒண்ணு, தம்பி தங்கச்சி இருந்தா சாக்லேட். ஏலக்காய், மிளகு, நல்ல டீத்தூள் எல்லாம் நல்லா எடுபடும். ஃபில்டர் காபித்தூள் குடுக்குறதுன்னா ஃபில்டரும் சேத்துக் குடுங்க, இல்லன்னா அது அலமாரியிலேயே கெடக்கும். பூ வாங்குனா சுத்தியிருக்குற பேப்பர பிரிச்சிட்டு கையில குடுக்குறது வழக்கம், சிவப்பு ரோஜா மட்டும் வேணாம், அது லவ்வருக்கு. உங்களுக்கு வர்ற கிஃப்ட்ட ஓரமா வச்சிராதீங்க, அவங்க முன்னாடியே பிரிச்சு பாத்து நன்றி சொல்லணும்.

அங்கிள் ஆன்ட்டி எல்லாம் வேலைக்காவாது. அவங்க பேர் சொல்லிக் கூப்பிட சொன்னா பேர் சொல்லுங்க, அதுவரைக்கும் ஹெர் (மிஸ்டர்), ஃப்ராவ் (மிஸஸ்) போட்டு குடும்பப் பேர். ஷூவ வாசல்லயே கழட்டிருங்க, இது நமக்கு சொல்ல வேண்டியதில்ல, ஆனா தரை சில்லுன்னு இருக்கும், தடிமனான சாக்ஸ் வேணும். குப்பைத்தொட்டி நாலஞ்சு இருக்கும், எதுல எதுன்னு கேட்டு போடுங்க. சர்ச்சுக்கு கூப்பிட்டா இஷ்டம் இருந்தா போங்க, பின்னாடி உக்காந்து பாட்டு கேட்டாலே போதும்.

சமைச்சு போடணும்னு ஆசைன்னா 26ஆம் தேதிய கேட்டு வாங்குங்க, மீதி வாத்த தின்னு அலுத்துப் போயிருப்பாங்க. மசாலாவ ஹாஸ்டல்ல இருந்தே எடுத்துட்டு போங்க, மிளகாய பாதியா குறைங்க, தாளிக்கிறதுக்கு முன்னாடி ஜன்னல தொறந்துருங்க.