பிக்கப்பின் மேல் கூடாரம் பொருத்தியதில் நான் செய்த தவறு

என் டொயோட்டா ஹைலக்ஸில் மேலே ஏறி உறங்குவதற்கான, சுமார் 60 கிலோ எடையுள்ள கூடாரத்தைப் பொருத்தியபோது, அதைத் தாங்கும் இரு குறுக்குக் கம்பிகளில் முன்பக்கக் கம்பியை ஓட்டுநர் அறையின் கூரையிலும் பின்பக்கக் கம்பியைச் சரக்குத் தொட்டியிலும் மாட்டினேன். முதல் மண்சாலைப் பயணத்திலேயே கவ்விகள் நெகிழ்ந்து, ஒரு போல்ட் வளைந்துவிட்டது. அறையும் தொட்டியும் அடிச்சட்டத்தின் மீது தனித்தனியாக அமர்ந்திருப்பதால், மேடுபள்ளங்களில் அவை வெவ்வேறு விதமாக அசைகின்றன என்பதையும், அந்த அசைவு முழுவதையும் என் கம்பிகளே தாங்கியிருக்கின்றன என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன். ஆகவே இரு கம்பிகளையும் தொட்டியின் மீதே அமைத்து, அடியில் ரப்பர் பட்டை வைத்து, நைலான் வளையமுள்ள நட்டுகளால் இறுக்கினேன். 50 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் இறுக்கிப் பார்த்தேன். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். கம்பி வாங்கும்போது, வண்டி ஓடுகையில் அது தாங்கும் எடையைத் தனியே கேளுங்கள். நிற்கையில் தாங்கும் எடை அதைவிடப் பல மடங்கு கூடுதல்.